ஆபீசரம்மாவின் ஓட்டம்

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு உடம்பைத் தயார் செய்வதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஆனால் ஊரில் உள்ள அத்தனை பேரும் மேலதிகாரிகள்.

எனக்குப் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு மரவள்ளிக் காடு. பி.எஸ்சி. முடித்த கையோடு ராணுவத்தில் அதிகாரி ஆவது என்று முடிவு செய்தேன். முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, அதன்பிறகு மருத்துவப் பரிசோதனை. எல்லாவற்றையும் தாண்டினால் சென்னையில் பயிற்சி. பெண்ணாக இருந்தால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இருபத்தைந்து வயதைத் தாண்டக் கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. முதலாவது காலண்டர் கையில் இருந்தது, இரண்டாவது என் அம்மா கையில் இருந்தது. இரண்டும் சேர்ந்து என்னைத் துரத்தின.

அரசாங்க வேலைக்காக ஏதாவது ஒரு மைதானத்தில் இப்போது ஓடிக்கொண்டிருப்பவர்களும், ஓடி ஓய்ந்து மூலையில் உட்கார்ந்திருப்பவர்களும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏறாத பயணி

எங்கள் ஊர்ச் சாலையில் விடிந்தும் விடியாததுமாக ஒரு பெண் ஓடினால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று வீட்டில் சண்டை, இல்லையென்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தருமபுரி போகும் முதல் டவுன் பஸ்ஸின் டிரைவர் நல்ல மனிதர். நான் ஓடுவதைப் பார்த்ததும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். உள்ளே இருந்த பூக்காரம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கை நீண்டு, "பையக் குடு கண்ணு, நான் புடிச்சுக்கறேன்" என்றது. என்னிடம் பை இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்து ஓடினேன். பஸ் என்னைத் தாண்டிப் போனது. எல்லோரும் பின்பக்கக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மறுநாளும் நிறுத்தினார். அதற்கு மறுநாளும் நிறுத்தினார். ஒரு வாரம் ஆனதும் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே விவரம் கேட்டார். ஓடிக்கொண்டே, மூச்சு வாங்க, ஆபீசர் ஆவதற்காக ஓடுகிறேன் என்று சொன்னேன். அதை அவர் பஸ் முழுவதும் கேட்கும்படி உள்ளே திரும்பிச் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தடத்தில் என் பெயர் ஆபீசரம்மா. அவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பஸ் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்:

"ஆபீசர் ஆவறது சரிம்மா. ஏறலீன்னா எதுக்கு தெனமும் பஸ்ஸுக்கு முன்னால ஓடற?"

ஒரே மருந்து

குமரேசன் மாஸ்டருக்கு முப்பத்து சொச்சம் வயது. சிப்பாய்த் தேர்வுக்குப் பலமுறை போனவர். ஓட்டத்தில் எல்லாம் முதலாக வருவார், மார்பை விரிக்கச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குறையும். வயது தாண்டியதும் ஒரு விசிலும் ஒரு தொப்பியும் வாங்கினார், மாஸ்டர் ஆகிவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் அவருடைய அகாடமி நடந்தது. போலீசுக்கு ஓடுகிறவர்கள், சிப்பாய்க்கு ஓடுகிறவர்கள், வனக் காவலருக்கு ஓடுகிறவர்கள் என்று மைதானம் நிறைய ஆட்கள். அதிகாரி ஆக ஓட வந்தவள் நான் ஒருத்திதான். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது, கொஞ்சம் திகைப்பும் இருந்தது.

அவரிடம் ஒரே மருந்து இருந்தது. எடை கூடிவிட்டதா, ஓடு. பசி எடுக்கவில்லையா, ஓடு. கணக்குப் பாடம் மண்டையில் ஏறவில்லையா, இரண்டு சுற்று ஓடிவிட்டுப் படி. ஒருநாள் நான் அவரிடம், "மாஸ்டர், அதிகாரித் தேர்வில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும்?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். அவரிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஒரு ராணுவ அதிகாரியை நேரில் தெரியாது. அவர் யோசித்துச் சொன்ன பதில் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

"சிப்பாய்க்கே இவ்ளோ ஓட்டம்னா ஆபீசருக்கு எவ்ளோ இருக்கும்? நீயே யோசிச்சுப் பாரும்மா."

மல்லிகா

மைதானத்தில் என்னைவிட வேகமாக ஓடிய ஒரே பெண் மல்லிகா. சித்தேரி மலையிலிருந்து கீழே வந்து அத்தை வீட்டில் தங்கி, போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். என் காலில் தருமபுரியில் வாங்கிய ஷூ. அவள் வெறுங்காலோடு ஓடுவாள். நான் மூச்சிரைத்துக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவள் பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

எப்படி இப்படி ஓடுகிறாய், எங்கே பழகினாய் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஏதாவது மூலிகை, கேழ்வரகு, சாமைக் கஞ்சி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பின்னலை முடித்து ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டுச் சொன்னாள்:

"பழகறதா? பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு, பஸ்ஸு இல்ல. அவ்ளோதான்."

தராசு

அதிகாரி ஆவதற்கு உயரத்துக்கு ஏற்ற எடை வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. மாஸ்டர் ஓடவிட்ட ஓட்டத்தில் நான் அந்தப் பட்டியலின் அடிமட்டத்துக்கும் கீழே போய்விட்டேன். என்னைத் தின்ன வைக்க ஒரு காரணம் கிடைத்ததில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் ராணுவத்துக்கும் ஒரே மாதிரிப் பெண்தான் பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிட்ட மாதிரி, காலையில் முட்டை, மதியம் களி, சாயங்காலம் வேர்க்கடலை என்று திணித்தாள். நான் தின்பேன். மறுநாள் காலையில் அதை எல்லாம் ரோட்டில் ஓடிக் கரைத்துவிட்டு வருவேன்.

வீட்டில் எடை பார்க்க இருந்தது கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றுதான். அறுவடை நாளில் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு வாங்க வந்த வியாபாரி உட்கார்ந்திருக்கும்போது, மூட்டைகளுக்கு நடுவில் நானும் ஏறி நின்றேன். முள் பாதியிலேயே நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் முள்ளை மட்டும் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கவலையோடு சொன்னார்:

"இந்த எடைக்கு சேகோ பேக்டரில கூட எடுக்க மாட்டாங்களே, பட்டாளத்துல எடுத்துக்குவாங்களா?"

முதல் தடவை

முதல் முறை எழுத்துத் தேர்வில் தேறி, வடக்கே ஓர் ஊருக்கு ஐந்து நாள் தேர்வுக்குப் போனேன். ரயிலில் ஷூவைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன், திருட்டுப் போய்விடக் கூடாது என்று. அங்கே போனால் ஓட்டம் என்ற பேச்சே இல்லை. மங்கலாக ஒரு படத்தைத் திரையில் சில நொடி காட்டினார்கள். அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு வட்டமாக உட்கார்ந்து அந்தக் கதையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், மற்றவர்களோடு வாதாட வேண்டும். என் வட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் நான் நுழைய இடமே இருக்கவில்லை. சந்தையில் மாட்டைத் தொலைத்தவள் மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஷூ பையை விட்டு வெளியே வரவே இல்லை.

கூட வெளியேறிய கோயம்புத்தூர்ப் பெண்ணிடம், "ஓட்டம் எப்போது வைப்பார்கள்?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். தேர்வில் ஓட்டமே கிடையாதாம். கயிறு ஏறுவது, பலகை தாண்டுவது என்று சில விளையாட்டு மாதிரி உண்டாம், அதுவும் முதல் நாளைத் தாண்டியவர்களுக்குத்தானாம். ஓட்டம் எல்லாம் தேர்வாகிப் பயிற்சிக்குப் போன பிறகு அவர்களே சொல்லித் தருவார்களாம். ஊருக்கு வந்ததும் வராததுமாக இதை மாஸ்டரிடம் கோபமாகச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"உன்னத்தான் மொத நாளே திருப்பி அனுப்பிட்டாங்களேம்மா. மறுநாள் வெச்சிருப்பாங்க ஓட்டத்த."

காற்றோடு இங்கிலீஷ்

அப்புறமும் ஏன் ஓடினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். என் சொந்தக்காரர்களாக இருந்தால் கேட்க மாட்டீர்கள். ஆங்கிலம் பேசிப் பழக எங்கள் ஊரில் ஆள் இல்லை. ஓடிப் பழக ரோடு இருந்தது. இல்லாததை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இருப்பதை வைத்து ஓடுவது மேல் என்று தோன்றியது. எப்படியும் பயிற்சியில் ஓட வைப்பார்கள் அல்லவா, அதற்கு ஆகட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு இரண்டையும் சேர்த்துவிட்டேன். ஓடிக்கொண்டே கண்ணில் பட்டதை எல்லாம் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவேன். புளியமரம், ரயில்வே கேட், கேட்டில் நிற்கிற கிழங்கு லாரி, லாரிக்காரர் ஏன் வருத்தமாக இருக்கிறார், அவருக்கு நான் என்ன உதவி செய்யலாம் என்று ஒரு கதை. கேட்டில் நிற்பவர்கள் முதலில் போன் பேசுகிறேன் என்று நினைத்தார்கள். காதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி என் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்து, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"வயசுப் பொண்ணு தனியா பேசிக்கினே ஓடுதுங்க. எதுக்கும் ஒருக்கா மந்திரிச்சுப் பாத்துருங்க."

ஒகேனக்கல் எண்ணெய்

இரண்டாவது முறை எழுத்துத் தேர்விலேயே போய்விட்டது. மூன்றாவது முறை எழுதும்போது அதுதான் என் வயதுக்குக் கடைசி வாய்ப்பு. அந்தச் சமயத்தில்தான் இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் ஒரு வலி வந்தது. ஓட ஆரம்பிக்கும்போது குத்தும், கொஞ்ச தூரம் போனதும் மரத்துவிடும், வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மறுபடி குத்தும். அப்பா யாரிடமும் சொல்லாமல் ஒகேனக்கல் பஸ் ஏறிப் போய், அங்கே மசாஜ் போடுகிறவர்களிடம் ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கி வந்தார். கூடவே பொரித்த மீனும் வாங்கி வந்தார். அம்மா அந்த எண்ணெயைக் காய்ச்சி, வலிக்கிற இடத்திலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்ப்பாள். நான் தலையணையைக் கடித்துக்கொள்வேன்.

நாலு நாள் ஓட்டத்தை நிறுத்தலாமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். அப்போதாவது அவர் சரி என்று சொல்லியிருக்கலாம். அவரும் வேண்டுமென்றே கெடுதல் செய்கிற ஆள் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதை இப்போது எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அவர் சொன்னது:

"வலி வந்துச்சுன்னா ஒடம்பு ஏறுதுன்னு அர்த்தம். இப்ப நிறுத்துன, அத்தனையும் எறங்கிப் போயிரும்."

பல்

மூன்றாவது முறை நான் பேசினேன். புளியமரத்துக்கும் லாரிக்கும் சொன்ன கதைகள் எல்லாம் வாயில் வந்தன. வட்டத்தில் இருந்த பெண்கள் ஒரே நேரத்தில் பேசியபோது நானும் அவர்களோடு சேர்ந்து பேசினேன். ஐந்தாம் நாள் வரிசையாக நிற்க வைத்து, தேர்வானவர்களின் எண்ணைப் படித்தார்கள். என் எண் வந்தது. நான் அசையவில்லை. பக்கத்தில் நின்றவள் தள்ளிவிட்ட பிறகுதான் ஓர் அடி முன்னால் போனேன். என் வாழ்க்கையில் நான் வைத்த நல்ல அடி அதுதான். அன்று மட்டும் எனக்குக் கால் வலிக்கவே இல்லை. இனி மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

எனக்கு இருந்த பயம் எல்லாம் பல்லைப் பற்றித்தான். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவி ஏறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கொள்வது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். ராணுவப் பல் டாக்டர் தமிழ்க்காரர். வாயைத் திறந்ததும், "புகையிலை போடுவியா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி என்று சொன்னேன். எந்த ஊர் என்றார். தருமபுரி என்றதும் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"பல்லு உறுதியாத்தான் இருக்கு. வெள்ளையா இருக்கணும்னு சட்டம் ஒன்னும் இல்ல, போ."

எக்ஸ்ரே

பல்லைத் தாண்டியதும் எல்லாவற்றையும் தாண்டிவிட்டதாக நினைத்தேன். எலும்பு டாக்டரின் அறையில் ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார்கள். வலது காலில் குதித்தேன். இடது காலில் குதித்தபோது முகம் தன்னால் சுருங்கிவிட்டது. டாக்டர் பாலக்காட்டுக்காரர், மேஜர். குனிந்து எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், அம்மா எண்ணெய் தேய்க்கிற அதே இடத்தில். நான் கத்திவிட்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். விழுந்து உடைந்தது இல்லை, ஓய்வு கொடுக்காமல் தார் ரோட்டில் ஓடி ஓடி எலும்பே விட்டுக்கொடுத்தது என்றார். இப்போதைக்குத் தகுதி இல்லை, ஆறு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதினார்.

எழுதி முடித்த பிறகும் அவருக்கு மனசு கேட்கவில்லை. எங்கே ஓடுவாய், எத்தனை வருடமாக ஓடுகிறாய், என்ன ஷூ என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாகப் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"இங்க யாரும் உன்னை நூறு அடிகூட ஓடச் சொல்லலையே. அங்க யாரும்மா இவ்வளவு ஓடச் சொன்னது?"

நடந்து காட்டு

ஆறு வாரம் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். ஐந்து வருடமாக ஓடியவளுக்குச் சும்மா இருப்பதுதான் மிகக் கடினமான பயிற்சி. விடிகாலையில் பஸ் ஹாரன் கேட்டால் கால் தன்னால் துடிக்கும். எனக்குக் கால் ஊனமாகிவிட்டது என்று ஊருக்குள் செய்தி போயிருந்தது. அதைப் பொய் என்று காட்டுவதற்காகவே அம்மா பெண் பார்க்க ஒரு குடும்பத்தை வரச்சொன்னாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், நல்ல காடு தோட்டம் உள்ளவர்கள். மேல்முறையீட்டில் தேறிவிட்டால் கல்யாணம் கூடாதே என்று நான் கத்தினேன். "பாக்கத்தான வர்றாங்க, கட்டிக்கிட்டா போறாங்க?" என்றாள் அம்மா.

வந்தவர்கள் காபி குடித்தார்கள், என் படிப்பைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா என்னைச் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் ஒருதடவை நடந்து வரச்சொன்னார். நான் நடந்தேன். திரும்பிப் போகச் சொன்னார். போனேன். எக்ஸ்ரே ஒன்றுதான் எடுக்கவில்லை. டாக்டர் ஊன்றாதே என்று சொன்ன காலை ஊன்றி, வலியை முகத்தில் காட்டாமல் நடந்தேன். அப்படி நடந்ததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அந்தப் பெரியம்மா திருப்தியாக அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"நட நல்லாத்தாங்க இருக்குது. எங்க வூட்ல ஓடற வேல ஒன்னும் இல்லீங்களே."

அப்பீல்

மேல்முறையீடு வேறோர் ஊர் ராணுவ மருத்துவமனையில். அப்பா கூட வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். புதிய எக்ஸ்ரேயைப் பார்த்த பெரிய டாக்டர் இந்தியிலேயே பேசினார். கீறல் ஒட்டிக்கொண்டு வந்தது, ஒட்டி முடியவில்லை. தகுதி இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் ஏதோ தன்மையாகச் சொன்னார். மருத்துவமனையில் வேலை செய்த ஒரு திருநெல்வேலிப் பையன் எனக்கு அதைத் தமிழில் சொன்னான். அவன் முகம் முழுக்க நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம். அந்த மாதம் எனக்கு இருபத்தைந்து முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது.

திரும்பி வரும் ரயிலில் அப்பா எனக்கு ஜன்னலோர இடத்தைப் பிடித்துக் கொடுத்தார். நான் ஜோலார்பேட்டை வரைக்கும் அழுதேன், அதற்கப்புறம் யோசித்தேன். எங்கள் பக்கத்திலிருந்து சிப்பாயாகவும் போலீசாகவும் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்தது கால். அதனால் எல்லாக் கதவையும் காலால்தான் திறக்க வேண்டும் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். வேறு விதமாகச் சொல்ல அங்கே ஒருத்தர்கூட இல்லை. பொம்மிடியில் இறங்கும்போது அந்தப் பையன் சொன்னது இன்னும் காதில் இருந்தது:

"கவலப்படாதீங்க, இன்னும் மூணு மாசத்துல காலு கல்லு கணக்கா ஆயிரும்னு சொல்லுதாரு."

பேனர்

ஒரு வாரம் கழித்து வெளியே வந்தால் ரயில்வே கேட் அருகில் என் படம் பேனராகத் தொங்குகிறது. வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு எடுத்த போட்டோ. பின்னால் பீரங்கி, மேலே விமானம். "ராணுவ அதிகாரித் தேர்வில் வென்ற எங்கள் மாணவி." மைதானத்தில் புதிதாக நிறையப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள். மாஸ்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவர்கள் மைதானத்தை ஒட்டிய தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தி நொண்டிக்கொண்டே ஓடினாள். நான் அவளைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் பேனரில் இருக்கிற அக்கா என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள், கையை விடுவித்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

பேனரை எடுத்துவிடச் சொல்லி மாஸ்டரிடம் சண்டை போட்டேன். ஓடித்தான் என் கால் போனது, இந்தப் பெண்ணையாவது விடுங்கள் என்று கத்தினேன். மைதானமே நின்று பார்த்தது. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்:

"செலக்ட் ஆனது நெசந்தானம்மா? காலு போனதெல்லாம் பேனர்ல எதுக்கு?"

நிற்கிறவள்

மல்லிகா கான்ஸ்டபிள் ஆகிவிட்டாள். ஓட்டத்தில் அவள்தான் முதல். அவளைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. தருமபுரியில் ஒரு தலைவர் வருகிற நாளில் அவளை நாலு ரோட்டில் பார்த்தேன். வெயிலில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள், கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். நீயாவது ஓடி ஜெயித்தாயே என்றேன். அவள் பாட்டிலை மூடிக்கொண்டே, மேலதிகாரி பார்க்கிறாரா என்று ஒரு பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஓடிக் காட்டி வேலைக்கு வந்தேன்க்கா. வந்த நாள்லேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கறேன்."

ஏறிய பயணி

இப்போது நான் தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். புளியமரத்துக்கும் லாரிக்கும் சொன்ன ஆங்கிலம்தான் சோறு போடுகிறது. பாப்பிரெட்டிப்பட்டிச் சம்பந்தத்தை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அம்மா என்னோடு அளந்துதான் பேசுகிறாள். கால் நன்றாக இருக்கிறது. மூன்று மாதத்தில் கல்லு மாதிரி ஆகிவிட்டது, டாக்டர் சொன்னது பொய்யில்லை.

பள்ளிக்கு முதல் நாள் போகும்போது நான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அதே பஸ், அதே டிரைவர், அதே கண்டக்டர். டிரைவர் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தலாமா வேண்டாமா என்று தயங்கினார். நான் கையைக் காட்டினேன். ஏறினேன். பூக்காரம்மா ஒருத்தர் நகர்ந்து இடம் கொடுத்தார். பஸ்ஸுக்குள் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கேலி இல்லாமல், உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்:

"அன்னைக்கே ஏறியிருந்தா எப்பவோ போய்ச் சேந்திருப்பீங்களே, ஆபீசரம்மா."

ஐந்து வருடம் ஓடியும் போய்ச் சேராத நான், இப்போது தினமும் உட்கார்ந்தபடியே சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறேன்.